பூசணிக்காய் உடைத்த நாளின் தரை

என் மச்சான் யூசுப்பின் தட்டிலிருந்து கறித்துண்டைத் தூக்குவது ஒரு காலத்தில் கஷ்டமான வேலை. புறங்கையில் சுளீரென்று அடி விழும். அடிக்கிறவர் தலையைக்கூடத் திருப்பமாட்டார். அக்காவை அவர் கட்டிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்களுக்குள் நடந்துவந்த போட்டி அது. போன ரம்ஜானுக்குப் பிறகு ஒரு நாள் அடி விழவில்லை. நான் ஒரு துண்டை எடுத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இன்னொன்றையும் எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் துன்னுட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எடுத்த கறி என் கையிலேயே இருந்தது. இரண்டையும் தட்டின் ஓரத்தில் திருப்பி வைத்தேன். அதையும் அவர் பார்க்கவில்லை.

மச்சான் பூந்தமல்லிக்காரர். அவருடைய அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சரான ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது சின்ன வயதில் இவர் வேலை. அந்தப் புத்தி அப்படியே நின்றுவிட்டது. எதைக் கையில் கொடுத்தாலும் ஓட்டை எங்கே என்றுதான் முதலில் தேடுவார். அக்கா ஜீனத்தைப் பெண் பார்க்க வந்தபோது டீ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடியில் விரிசல் இருப்பதாகச் சொன்னாராம். என் அம்மாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அக்கா மட்டும் சிரித்துவிட்டாள். கல்யாணம் நடந்தது அந்தச் சிரிப்பால்தான்.

ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அங்கேயும் அதே வேலை. லாரிகளுக்குப் போகிற இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் கீறலை மச்சான் வெறும் கண்ணால் பிடித்துவிடுவார். மேனாம்பேட்டில் வாடகைக்கு வீடு. கம்பெனிக்கு நடந்தே போய்வருவார். நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இவர்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்றும் சொல்லலாம். ஹெட்மாஸ்டர் ரூம் பூட்டில் சூயிங்கம் வைத்தது நான் இல்லை என்றேன், அவர்கள் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை.

கறித்துண்டு விஷயத்துக்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கடைக்குப் போய்வருகிற சைக்கிளை மூலையில் போட்டுவிட்டு முட்டி வலி என்றார். முட்டி வலிக்காரர் மாடிப்படி மட்டும் தடதடவென்று ஏறினார். சாயங்காலமானால் சுவரை ஒட்டியே நடந்தார். ஒரு நாள் தண்ணீர்க் கேன் தூக்கப் போனபோது கேட்டேவிட்டேன். கேனைக் கீழே வைத்தார்.

"பைப்புக்குள்ளேர்ந்து பாக்குற மாதிரி கீது, சமீரு. நடுவுல எல்லாம் பளிச்சினு தெரியுது. சுத்தி ஒண்ணும் இல்ல. பொழுது சாஞ்சா நடுவும் பூடுது."

கண் ஆஸ்பத்திரியில் ரகசியமாகக் காட்டியிருக்கிறார். இது ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நிறுத்த மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை மச்சான் கடகடவென்று படித்துவிடுவார். எழுத்து நடுவில்தானே இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் டாக்டர்தான் அவருக்குத் தெரியமாட்டார். ஆனால் கம்பெனிக்குள் சாமான் தூக்கும் வண்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டிருக்கும். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் பயம். காது மந்தமான ஒரு கிரேன்காரரை அப்படித்தான் அனுப்பினார்களாம்.

பகலில் போவது பிரச்சினை இல்லை. ஓவர்டைம் முடிந்து இருட்டில், கம்பெனி கேட்டிலிருந்து வீடுவரை, யார் கையையும் பிடிக்காமல், யாருக்கும் சந்தேகம் வராமல் நடந்து வர வேண்டும். அது முடிகிறவரைக்கும் வேலை இருக்கும். முடியாத அன்றைக்கு இருக்காது. அவருக்கு வாழ்க்கை அவ்வளவாகச் சுருங்கியிருந்தது.

அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லிடுவேன். அவ என் கையப் புடிச்சி இட்டுகினு போவா. அப்பால நான் எப்பவுமே தனியா நடக்க மாட்டேன், அவ்ளோதான்" என்று கேனைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் நான் கேம் எடிட்டர் ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். விளையாட்டு நடக்கிற இடத்தை நாமே கட்டிக்கொள்ளும் சாப்ட்வேர் அது. முதலில் மொட்டையாக ஒரு நிலம் கொடுப்பான். அதை மேடாக்கலாம், பள்ளமாக்கலாம், மேலே பிரஷ்ஷால் தேய்த்துத் தரையைப் பூசலாம். புல் தரை, பனித் தரை, பாலைவன மணல், கோட்டைக் கருங்கல் எல்லாம் கூடவே வரும். நான் எங்கள் தெருவைக் கட்டி அதன்மேல் பனியைக் கொட்டியிருந்தேன். வீட்டு ஓனர் சம்பந்தத்தின் வாசலில் மட்டும் ஒரு முதலையை விட்டிருந்தேன். அவர் தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைக்கிறவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நானும் நடக்கலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். அம்புக்குறிப் பொத்தானை அழுத்திப் பனியில் போனார். வானத்தையும் பார்க்கவில்லை, வீடுகளையும் பார்க்கவில்லை. காலடியையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஓனர் வாசலில் முதலை கடித்ததுகூட அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

"இந்தப் பனிய எட்த்துட்டு நெஜத் தரைய போட முடியுமா?"

முடியும் என்றேன்.

"கம்பெனி கேட்டுலேர்ந்து நம்ம ஊடு வரைக்கும்?"

அப்போதுதான் அவர் எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது. கண் இருக்கும்போதே வழியை மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நிஜத் தரை வேண்டுமென்றால் தரையைப் போட்டோ எடுக்க வேண்டும். போனை நேராகக் கீழே பிடிக்க வேண்டும். நிழல் விழக்கூடாது, குறுக்கே ஆள் போகக்கூடாது. எஸ்டேட் ரோட்டில் வேலைநாளில் குனிந்து தரையைப் படம் எடுத்தால் லாரி ஏற்றிவிடுவான். இல்லையென்றால் வாட்ச்மேன் வந்து எதற்கு என்று கேட்பான். அதனால் ஆயுத பூஜைக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். மொத்த எஸ்டேட்டும் பூட்டிக் கிடக்கும் நாள் அது. மேகமூட்டமாகவும் இருந்தது. அதைவிட நல்ல யோசனை அம்பத்தூரிலேயே யாருக்கும் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்டேட் முழுக்க முந்தின நாள் உடைத்த பூசணிக்காய். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் குங்குமம் கலந்த சிவப்புச் சதை சிதறிக் கிடந்தது. நசுங்கிய எலுமிச்சை, வாழைச் சருகு, மஞ்சள் தண்ணீர் எல்லாம் தரையோடு ஒட்டியிருந்தன. ஒரு நாய் வழுக்கி விழுந்து எழுந்து போனது. மச்சான் முன்னால் போய் இடங்களைக் காட்டினார். நான் எடுத்தேன். கேட்டுச் சரிவின் சிமெண்ட், அதை அடுத்துத் தார், கேபிள் பதித்து மூடாமல் விட்ட ஜல்லி, பள்ளத்தின்மேல் போட்டிருந்த இரும்புத் தகடு, லாரி நிற்கும் கரி மண், கால்வாய்மேல் ஆடும் சிலாப், டீக்கடைக்கு எதிரே மெயின் ரோடு. அதைத் தாண்டினால் எங்கள் பக்கத்துச் சிமெண்டுக் கல் பாவிய தெரு. கடைசியாக வீட்டு வாசல்.

வீட்டுக்கு வந்து அதையெல்லாம் எடிட்டரில் ஏற்றினோம். முதல் முயற்சி பெரிய கேவலம். தரைப்படம் சின்னச் சதுரம். அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித்தான் எடிட்டர் ரோட்டை நிரப்பும். ஒரு சதுரத்தில் ஒரு பூசணித்துண்டு இருந்தால் ரோடு முழுக்க அதே துண்டு வரிசையாக வரும். வெற்றிலை எச்சில் ஒன்று இருந்தது. எடிட்டரில் பார்த்தால் ஒரே ஆள் கேட்டிலிருந்து மேனாம்பேடு வரைக்கும் அளந்து அளந்து துப்பிக்கொண்டே போனது மாதிரி இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. மானிட்டருக்குக் கிட்டத்தில் மூக்கை வைத்து, "இங்க ஜாயின்ட் தெரியுது பாரு" என்றார். சதுரமும் சதுரமும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு. எனக்கு அதுவரை தெரியவில்லை. அவர் வேலையே அதுதானே.

வாரக்கணக்கில் உட்கார்ந்தோம். ஓரங்களை மழுக்கி ஒன்றோடொன்று சேர்த்தேன். தனியாகத் துருத்துகிற கறையையெல்லாம் அழித்தேன். பூசணிச் சிவப்பைக் கம்பெனி வாசல்களில் மட்டும் மிச்சம் வைத்தேன். ஜல்லி முடிந்து தகடு ஆரம்பிக்கும் இடத்தில் பிரஷ்ஷை மெதுவாகத் தேய்த்து ஒன்றில் ஒன்று கரையச் செய்தேன். மச்சான் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் சிவப்பு டப்பாவில் போட்டார். பக்கத்தில் வைத்த டீயைக் கையால் தட்டிவிடுகிற மனுஷன், திரையில் கல் பாவிய தெருவில் ஒரே ஒரு கல் திசைமாறி இருப்பதைக் கண்டுபிடித்தார்.

வீட்டு வாசலில் மட்டும் எதையும் அழிக்க விடவில்லை. அந்தப் படத்தில் அக்கா கழுவிவிட்ட ஈரமும், படியின் இடது பக்கம் அவள் கழற்றிவிட்ட பச்சை ரப்பர் செருப்பும் விழுந்திருந்தன. செருப்பு இருந்தால் சதுரத்தை இன்னொரு இடத்தில் ஒட்ட முடியாதே என்றேன்.

"அது ஒரு எடந்தானே. இன்னொரு எடத்துல இன்னாத்துக்கு ஒட்டப்போற?"

அன்றிலிருந்து அக்கா செருப்பை வேறெங்கே விட்டாலும் வீட்டில் சண்டை. இடது பக்கம்தான் விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனுஷனுக்கு வயசாகிறது என்று அக்கா பக்கத்து வீட்டுப் புஷ்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

படம் மட்டும் போதாது என்பதை அவர்தான் முன்பே யோசித்திருந்தார். கண் போய்விட்டால் படத்தை வைத்து என்ன செய்வது. எடிட்டரில் ஒவ்வொரு தரைக்கும் ஒரு காலடிச் சத்தத்தை முடிச்சுப்போட்டு வைக்கலாம். பனிக்குக் கரகர, மரத்துக்கு டொக்டொக். அதனால் அந்த விடுமுறை நாளிலேயே மச்சானின் சேஃப்டி ஷூ சத்தத்தைத் தரைவாரியாக என் போனில் பதிந்திருந்தோம். ஜல்லி நறநறத்தது. தகடு டங்கென்றது. கால்வாய்ச் சிலாப் ஆடி, டொடக் என்று இரண்டு தடவை பேசியது. எல்லாவற்றையும் முடிச்சுப்போட்டேன். கம்பெனி சூப்பர்வைசர் கோதண்டம் பைக் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் சாணியில் கால் வைக்கும் சத்தத்தைப் போட்டேன். அது வாழைப்பழத்தை நானே பிசைந்து பதிந்த சத்தம். மச்சான் முதல் தடவை அந்த இடத்தைக் கடந்தபோது சதக்கென்றது. நின்றார். திரும்பிப் போய் மறுபடியும் மிதித்தார். அப்படி அவர் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

தீபாவளிக்குள் மானிட்டரை அணைத்துவிட்டே நடக்கக் கற்றுக்கொண்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் பொத்தானை அழுத்திக்கொண்டு போவார். நறநற, டங், சதக், டொடக். வாசலில் சரியாக நிற்பார். நான் மானிட்டரைப் போட்டால் எதிரே பச்சைச் செருப்பு.

அப்புறம் நிஜமாகவே இருட்ட ஆரம்பித்தது. மழைக்காலத்தில் ஆபீஸ் விடும்போதே அம்பத்தூர் மங்கிவிடும். ஓவர்டைம் என்றால் கும்மிருட்டு. நான் வேலை பார்க்கிற போன் ரிப்பேர் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, மச்சானுக்குத் தெரியாமல் கம்பெனி எதிரே நின்றேன். கேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கினார். தார் ரோட்டில் நாலு அடி வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் காதில் விழுந்ததையே கேட்டேன். ஒரு பக்கம் பிரஸ் மெஷின் இடிக்கிறது. இன்னொரு பக்கம் கம்ப்ரஸர் உறுமுகிறது. லாரி ஒன்று பீப் பீப்பென்று பின்னால் வருகிறது. என் காலடி எனக்கே கேட்கவில்லை. நாங்கள் தரையைப் பதிந்தது வருஷத்திலேயே எஸ்டேட் வாயை மூடிக்கொண்டிருக்கும் நாளில். வேலைநாளில் இந்த ரோட்டில் யார் காலுக்கும் சத்தம் கிடையாது. இத்தனை வருஷம் தினமும் இந்த இரைச்சலுக்குள் நடந்தவருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாதது அதிசயமே இல்லை.

அன்றைக்கு அவர் யாரோ ஒருவரின் சிகரெட் நெருப்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே மெயின் ரோடுவரை வந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை.

மறுநாள் மச்சானிடம் சொல்லிவிட்டு, என் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பையில் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன். ஜல்லி வந்தால் போனை அழுத்துவேன், ஸ்பீக்கர் காது கிழிய நறநறக்கும். தகட்டுக்கு டங். கோதண்டம் பைக் பக்கத்தில் சதக். மச்சான் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே, சும்மா வீட்டுக்குப் போகிற மனுஷன் மாதிரி வந்தார். டீக்கடை பொன்னியம்மா, இந்தப் பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வாய்விட்டே சொன்னாள். நான் பல்லைக் காட்டினேன். என்மேல் அந்த மாதிரி பெயர் ஏற்கெனவே நிறைய இருந்ததால் இன்னொன்று பாரமாக இல்லை. சில நாள் இப்படியே ஓடியது. வந்துவிடலாம் என்று மச்சானுக்கும் நம்பிக்கை வந்தது.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் நிற்கும் கரி மண்ணைத் தாண்டும்போது ஸ்பீக்கருக்குள் தண்ணீர் போய் அது செத்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மச்சான் கொட்டுகிற மழையில் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மச்சான் என்று கத்தினேன். இரைச்சலில் என் தொண்டை எனக்கே கேட்கவில்லை. கிட்டே ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம். ஆனால் எதிரே டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். கூட கம்பெனி ஆட்கள்.

மச்சான் குனிந்தார். சேஃப்டி ஷூக்களைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காதுக்குக் கிடைக்காத தரை காலுக்காவது கிடைக்குமா என்று பார்க்கிறார். அந்த ரோட்டில் கடைசல் பட்டறைகளிலிருந்து விழுந்த இரும்புச் சுருள்கள் கத்தி மாதிரி கிடக்கும். வெறுங்காலை நீட்டி, தடவி, மண் முடிந்து தார் ஆரம்பிக்கும் விளிம்பைத் தேடினார். ஒரு அடி முன்னால் வைத்தார், இழுத்துக்கொண்டார், பக்கவாட்டில் வைத்தார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நான் ஓட ஆரம்பித்தேன். கோதண்டம் எனக்கு முன்னால் போய்விட்டார்.

"இன்னா பாய், ஷூவ கையில வெச்சிகினு டான்ஸ் ஆடிகினு கீற? சரக்கா?"

மச்சான் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திருப்பினார். மழை அவர் முகத்தில் வழிந்தது. வாயில் ஒரு சொட்டு வைக்காத மனுஷன். கல்யாண வீட்டில் குடித்தவன் பக்கத்தில் உட்காரக்கூட மாட்டார். அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. குடிகாரனைக் கம்பெனி திட்டும், மன்னிக்கும்.

"ஆமா சார். கொஞ்சம் ஓவராயிடுச்சி" என்றார்.

கோதண்டம் சிரித்தார். பாய் நீயுமா என்று முதுகில் தட்டினார். ஆபீஸில் சொல்லமாட்டேன், ரோட்டில் விழுந்து கிடக்காதே என்று அன்பாகவே சொன்னார். என்னைப் பார்த்து, உங்க மச்சானை ஒழுங்கா இட்டுகினு போ என்றார். நான் கையைப் பிடித்தேன். குடித்தவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போவதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கல் பாவிய தெருவுக்கு வந்த பிறகுதான் மச்சான் வாயைத் திறந்தார்.

"நான் தொட்டதே இல்ல சமீரு. மெய்யாலும்."

"எனக்குத் தெரியாதா மச்சான்" என்றேன். அவர் உள்ளங்காலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. ஓவர்டைம் நாட்களில் மச்சான் கேட்டைத் தாண்டியதும் கொஞ்சம் தள்ளாடுவார், நான் போய்க் கையைப் பிடிப்பேன். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. கோதண்டம் ஒரு நாள், வீட்டுக்குப் போகுமுன் வாசனை தெரியாமலிருக்க ஏலக்காய் மெல்லச் சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தார். மச்சான் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புஷ்பா வீட்டுக்காரர் அதே கம்பெனி. செய்தி சுவரைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கட்டில்மேல் பையை வைத்துத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். அழுது முடித்த முகம். மச்சான் கதவில் சாய்ந்து நின்றார். அவள் அவரைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"நடை தள்ளாடுது. கண்ணு செவந்து கீது. நின்ன எடத்துல செம்ப எட்டி ஒதைக்கிறாரு. வாயில மட்டும் வாசன இல்ல, ஏலக்காய்தான் அடிக்குது. குடின்னா குடின்னு சொல்லிட்டுப் போவட்டும். மாத்திர எதுனா போட்டுக்கிறாரா? நீ கூடவே சுத்தறியே, உனக்குத் தெரியும். சொல்லு."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. கண்ணைவிடக் குடியே மேல் என்று வீட்டிலும் நினைக்கிறார் என்றால் எனக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். எங்கள் ரோட்டைத் திறந்தேன். பிறகு திரை முழுக்கக் கறுப்பை அடைத்து, நடுவில் ஒரு ஓட்டை மட்டும் விட்டேன். வளையல் அளவு ஓட்டை. அப்புறம் வெளிச்சத்தை இறக்கி, எஸ்டேட்டில் நான் பதிந்து வந்த வேலைநாள் இரைச்சலைச் சத்தமாக ஓடவிட்டேன்.

"உக்காரு. கம்பெனி கேட்டுலேர்ந்து நம்ம ஊட்டுக்கு நடந்து வா. வந்துட்டின்னா நானே உன்ன பஸ் ஏத்தறேன்."

விளையாடுகிற நேரமா என்றாள். அப்படியும் உட்கார்ந்தாள். முதல் தடவை லாரி மண்ணிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டாவது தடவை பள்ளத்தில் விழுந்தாள். எங்கே போகிறேன் என்றே தெரியவில்லையே என்றாள். எத்தனையாவது தடவையோ, ஓட்டைக்குள் தெரிந்த துளித் தரையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஜல்லி, தகடு, சிலாப் என்று ஊர்ந்து மெயின் ரோட்டைத் தாண்டினாள். கல் பாவிய தெரு. திருப்பம். ஓட்டைக்குள் ஈரச் சிமெண்டும் அதன்மேல் பச்சை ரப்பர் செருப்பும் வந்து நின்றன.

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"இது என் செருப்பு."

வேலைநாள் இரைச்சல் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

"இதுக்குத்தான் எடது பக்கம் உடு, எடது பக்கம் உடுன்னு சண்ட போட்டீங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள். மச்சான் ஆமாம் என்றார். எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அதையும் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க?"

"கையப் புடிச்சிருப்ப."

"ஆமா. புடிச்சிருப்பேன்" என்றாள் அக்கா. அவள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது எங்கள் அத்தா இறந்தபோதுதான். பை கட்டிலிலேயே கிடந்தது. ராத்திரி படுக்க இடம் வேண்டுமென்று நான்தான் துணிகளைத் திரும்ப அலமாரியில் திணித்தேன், எல்லாம் தப்பான தட்டில்.

மறுநாள் காலை அவளும் நானும் கூடப் போனோம். கேட்டிலேயே கோதண்டத்தை நிறுத்தி, மச்சான் தன் வாயாலேயே சொன்னார். நான் குடிக்கிறதில்ல சார், எனக்குக் கண்ணு போவுது. கோதண்டம் முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"குடிகாரன்னா நான் சமாளிச்சிருப்பேன் பாய். இத மேல இன்னான்னு சொல்றது?"

ஆனாலும் மேலே சொல்லிவிட்டார். சொல்லாமல் இருக்க முடியாது என்றார், அது சரிதான். ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சீட்டு கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. அதுவரைக்கும் விளக்கடியில் வளையங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீறல் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று புஷ்பா வீட்டுக்காரர் சொன்னார். ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி நாளோ என்று நினைத்துக்கொண்டு போகிறார். சாயங்காலம் பொன்னியம்மா டீக்கடையில் அக்கா காத்திருக்கிறாள். கையைப் பிடித்துத்தான் கூட்டி வருகிறாள். தெருவில் சிலர் பார்க்கிறார்கள், சிலர் பார்க்காத மாதிரி போகிறார்கள்.

எடிட்டரில் தரையை நான் மாற்றிவிட்டேன். பூசணிச் சிவப்பையெல்லாம் அழித்தேன், மழை எப்போதோ அழித்துவிட்டதுதானே. ஜல்லி இருந்த இடத்தில் இப்போது தார் போட்டுவிட்டார்கள். அதையும் போய்ப் படம் எடுத்து வந்து பூசினேன். கோதண்டத்தின் பைக் இடத்துச் சதக் சத்தத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

இன்னமும் நடந்து பார்க்கிறார். மானிட்டரை அணைத்துவிட்டு, வேலைநாள் இரைச்சலை முழுசாக ஏற்றச் சொல்லிவிட்டு உட்காருகிறார். அந்த இரைச்சலில் ஒரு தடவைகூட வீடு வந்து சேர்ந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் லாரி மண்ணில் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அவர் விரல்மேல் கையை வைத்தாள்.

"இரு. நானே வரேன்" என்றார்.

அக்கா கையை எடுத்துவிட்டாள். ஆனால் தூரமாகக் கொண்டுபோகவில்லை. மேசை ஓரத்தில், அவர் பார்வைக்கு எட்டாத பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் கேட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.